பெயர் வரும் முன்பே புயலைக் கவனிப்பது எப்படி: அட்லாண்டிக் ஹரிகேன் பருவத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 செப்டம்பர் 16 அன்று வட கரோலினாவின் கரோலினா பீச் பகுதியில் அரை நாளில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. சாலைகள் மூழ்கின, வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்த மழையைக் கொண்டுவந்த அமைப்புக்குக் கடைசி வரை பெயரே வைக்கப்படவில்லை. தேசிய ஹரிகேன் மையத்தின் கணக்கில் அது வெறும் எட்டாம் எண். பெயர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வரவே இல்லை.

ஹூஸ்டன், டாம்பா, மயாமி, வில்மிங்டன் என்று கடலோர ஊர்களில் குடியேறிய நம் குடும்பங்களில் இரண்டு விதமானவர்களைப் பார்க்கிறேன். ஒரு சாரார் ஜூன் பிறந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு வண்ணப் படத்துக்கும் பதறுகிறார்கள். இன்னொரு சாரார் தொலைக்காட்சியில் சிவப்புப் பட்டை ஓடினால்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இரு சாராரிடமும் அக்கறைக்குக் குறைவில்லை. எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். ஒரு புயல் உருவாகும் பாதையில் ஒவ்வொரு கட்டத்திலும் பார்க்கத் தகுந்தது ஒன்றிரண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் மற்றதெல்லாம் இரைச்சல். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி செல்கிறது.

படி 1: மே மாதத்திலேயே முடிக்க வேண்டிய இரண்டு வேலைகள்

அட்லாண்டிக் ஹரிகேன் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி ஒரு பருவத்தில் 14 புயல்கள் பெயர் பெறுகின்றன. அவற்றில் 7 ஹரிகேன் (காற்று மணிக்கு 74 மைலும் அதற்கு மேலும்) ஆகின்றன, 3 பெரும் ஹரிகேன் (111 மைலும் அதற்கு மேலும்) ஆகின்றன. உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் கடல் உண்மையில் கொதிக்கும் காலம்.

இந்த ஆண்டு எத்தனை புயல் வரும் என்ற பருவக் கணிப்புகளைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அவை உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அட்லாண்டிக்கின் மேல்காற்று வலுத்து, புயல்களின் எண்ணிக்கை பொதுவாகக் குறையும். அக்கடல் குளிரும் லா நினா ஆண்டுகளில் நேர்மாறு. எண்ணிக்கை குறைந்த ஆண்டிலும் ஒன்றே ஒன்று உங்கள் கரைக்கு வந்துவிட்டால் போதும், சராசரிகளுக்கு அர்த்தமில்லை.

ஆகவே பருவக் கணிப்பைவிட இரண்டு வேலைகள் முக்கியம். ஒன்று, உங்கள் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்று கவுன்டியின் இணையதளத்தில் பார்த்து எழுதி வைப்பது. ஃபுளோரிடாவில் இம்மண்டலங்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து உண்டு; ஏ மண்டலத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் கிளம்பச் சொல்வார்கள். இரண்டாவது, வெள்ளக் காப்பீடு. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. கூட்டரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் பாலிசி எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். ஆப்பிரிக்கக் கரையில் ஒரு அலை (கடலலை அல்ல, காற்றில் நகரும் தாழ்வழுத்த அலை) கிளம்புவதைப் பார்த்த பிறகு பணம் கட்டினால், அந்த அலை அமெரிக்காவைத் தொட்டு ஓய்ந்த பின்னும் உங்கள் பாலிசி உயிர் பெற்றிருக்காது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் தங்கள் பொருள்களுக்கு இந்தக் காப்பீட்டை எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

படி 2: மாதத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

அட்லாண்டிக் முழுவதையும் எல்லா நாளும் துழாவ வேண்டியதில்லை. புயல் பிறக்கும் இடம் மாதத்துக்கு மாதம் நகர்கிறது.

ஜூனில் பார்க்க வேண்டியவை மெக்சிகோ வளைகுடாவும் மேற்குக் கரீபியனும். கண்டத்திலிருந்து இறங்கி வந்து கடல்மேல் தேங்கிப்போன குளிர்முகப்புகளின் (குளிர்ந்த காற்றின் முன்விளிம்புகளின்) வால்பகுதியில், அல்லது மத்திய அமெரிக்காவைச் சுற்றிச் சுழலும் அகன்ற தாழ்வழுத்தத்தில், புயல் கருக்கொள்ளும். ஜூலையிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் சஹாராவின் புழுதிக் காற்று கடலுக்கு மேல் பரவி, ஈரத்தை உறிஞ்சிப் பெரும்பாலான அமைப்புகளை அடக்கி வைக்கும். ஆகஸ்ட் நடுவில் அந்தப் புழுதி விலகத் தொடங்கியதும் ஆப்பிரிக்கக் கரைக்கும் கரீபியனுக்கும் இடைப்பட்ட பெருங்கடல் திறந்துகொள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 வெப்பமண்டல அலைகள் ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கே கிளம்புகின்றன. மிகப் பெரும்பாலானவை வெறும் மேகக் கூட்டமாகவே கடந்து போகின்றன. ஆயினும் அட்லாண்டிக்கின் பெரும் ஹரிகேன்களில் 85 சதவீத அளவுக்கு இந்த அலைகளிலிருந்து பிறந்தவைதான்.

அக்டோபரில் பார்வையை மீண்டும் மேற்குக் கரீபியனுக்குத் திருப்புங்கள். 2018இல் மைக்கேல் என்ற புயல் அங்கே அக்டோபர் 7 அன்று உருவாகி, மூன்றே நாளில் ஐந்தாம் வகை ஹரிகேனாக ஃபுளோரிடாவின் மெக்சிகோ பீச்சில் கரை ஏறியது. ஆப்பிரிக்க அலை நமக்கு ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் தருகிறது. பக்கத்திலேயே பிறப்பது தருவதில்லை. எனவே வளைகுடாவில் தோன்றும் ஒரு மஞ்சள் வட்டம், ஆப்பிரிக்காவை ஒட்டிய கேப் வெர்டே தீவுகள் அருகே தோன்றும் ஆரஞ்சு வட்டத்தைவிட (வண்ணங்களின் பொருள் அடுத்த படியில்) உங்களுக்கு அவசரமானதாக இருக்கலாம்.

படி 3: ஒரே ஒரு வரைபடத்தை அன்றாடப் பழக்கமாக்குங்கள்

மயாமியில் இயங்கும் தேசிய ஹரிகேன் மையம் மே 15 முதல் நவம்பர் 30 வரை நாளொன்றுக்கு நான்கு முறை வெப்பமண்டல வானிலை முன்னோட்டத்தை வெளியிடுகிறது. கிழக்கு அமெரிக்கக் கோடை நேரப்படி அதிகாலை 2, காலை 8, பிற்பகல் 2, இரவு 8. பருவம் முழுவதும் ஒரே ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

முன்னோட்டத்தில் அடுத்த 48 மணி நேரத்துக்கு ஒரு சதவீதமும் அடுத்த 7 நாளுக்கு ஒரு சதவீதமும் இருக்கும். 2023க்கு முன் இது 5 நாளாக இருந்தது. 40 சதவீதத்துக்குக் கீழே மஞ்சள், 40 முதல் 60 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. பெருக்கல் குறி இருந்தால் அமைப்பு இப்போது அங்கே இருக்கிறது என்று பொருள். வண்ணம் தீட்டிய பகுதி, தாழ்வு மண்டலம் உருவாகக்கூடிய இடம்.

இங்கேதான் மிகப் பெரிய குழப்பம் நேர்கிறது. அந்த வண்ணப் பகுதி புயல் போகும் பாதை அல்ல. அந்தச் சதவீதமும் உங்கள் ஊரைத் தாக்குவதற்கான வாய்ப்பு அல்ல. எங்கோ ஒரு தாழ்வு மண்டலம் உருவாவதற்கான வாய்ப்பு மட்டுமே. 90 சதவீதச் சிவப்பு வட்டம் பெர்முடாவுக்குக் கிழக்கே பிறந்து யாரையும் தொடாமல் வடக்கே போய்விடலாம். 30 சதவீத மஞ்சள் வட்டம் டெக்சாஸ் கரையில் ஒதுங்கி, புயலாகாமலே ஊரை மூழ்கடிக்கலாம்.

வரைபடத்தோடு நிற்காமல் அதன் கீழே உள்ள பத்தியையும் படியுங்கள். மையத்தின் வானிலையாளர்கள் சொற்களை எடை போட்டு எழுதுகிறார்கள். ஓர் அமைப்பைத் தொடர்ந்து படித்தால் அந்தச் சொற்கள் படிப்படியாக மாறுவதைக் காணலாம். முதல் நாள் “ஒழுங்கற்ற இடி மழை” என்று இருக்கும். அடுத்து “சூழ்நிலை மெதுவான வளர்ச்சிக்குச் சாதகமாகத் தோன்றுகிறது” என்று வரும். பிறகு “ஒழுங்கமைவதற்கான அறிகுறிகள் தெரிகின்றன”. பிறகு “வாரக் கடைசியில் தாழ்வு மண்டலம் உருவாகக்கூடும்” என்பது “உருவாக வாய்ப்பு அதிகம்” என்று மாறும். குறிப்பிட்ட ஒரு பகுதியின் பெயரைச் சொல்லி, அங்கிருப்போர் இதன் போக்கைக் கவனித்து வர வேண்டும் என்ற வாக்கியம் எப்போது சேர்கிறதோ, அப்போது அந்தப் பகுதி உங்களுடையதா என்று பாருங்கள். சதவீதம் 20 என்று இருந்தாலும் அந்த வாக்கியத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன்.

இன்வெஸ்ட் என்ற சொல்லோடு 90 முதல் 99 வரை ஓர் எண்ணும், அட்லாண்டிக்குக்கு எல் என்ற எழுத்தும் சேர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது சிறப்புக் கவனிப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பகுதி என்பதற்கான அடையாள எண். கூடுதல் தரவு சேகரிக்கவும் கணினிக் கணிப்பு மாதிரிகளை ஓட்டவும் வசதியாக எண் கொடுக்கிறார்கள். 99க்குப் பிறகு மீண்டும் 90இல் தொடங்கும். எண் பெரிதாக இருப்பதால் ஆபத்து பெரிது என்று எண்ண வேண்டாம்.

படி 4: அடுப்பு தயாரா என்று பாருங்கள்

ஓர் அமைப்பு புயலாகுமா என்பதைச் சுற்றியுள்ள சூழ்நிலையே தீர்மானிக்கிறது. நான்கைந்து விஷயங்கள் ஒருசேர அமைய வேண்டும்.

கடல் மேற்பரப்பு குறைந்தது 26.5 டிகிரி செல்சியஸ், அதாவது சுமார் 80 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். அந்தச் சூடு கொஞ்சம் ஆழம் வரை இறங்கியிருந்தால் இன்னும் வலு. மெக்சிகோ வளைகுடாவில் லூப் நீரோட்டம் கரீபியனின் வெந்நீரை ஆழமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2005இல் கத்ரீனாவும் ரீட்டாவும் அந்த ஆழமான சூட்டின் மேல் சென்றபோதுதான் பயங்கரமாக வலுத்தன. கோடை உச்சத்தில் வளைகுடா முழுக்கவே இந்த வெப்ப வரம்பைத் தாண்டிவிடும். எனவே கடல் சூடாக இருக்கிறது என்ற செய்தி மட்டும் செப்டம்பரில் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை.

செய்தி சொல்வது காற்று. கடல்மட்டத்துக்கு அருகே வீசும் காற்றுக்கும் 40,000 அடி உயரத்தில் வீசும் காற்றுக்கும் இடையே வேகமும் திசையும் அதிகம் வேறுபட்டால், எழும் இடிமேகங்களின் தலை ஒரு பக்கமாகத் தள்ளப்படும். கீழே சுழலும் மையத்தின் மேல் மேகம் நிற்காது, அமைப்பு சிதறும். இந்த வேறுபாடு மணிக்கு 20 கடல் மைலுக்குக் குறைவாக இருந்தால் வளர்ச்சிக்குச் சாதகம், 10 கடல் மைலுக்குக் கீழே போனால் மிகச் சாதகம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வானிலைச் செயற்கைக்கோள் ஆய்வு நிலையம் இதற்கான வரைபடங்களை அவ்வப்போது புதுப்பித்து எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது.

மூன்றாவது ஈரம். நடு வளிமண்டலம் வறண்டிருந்தால் மேகங்கள் எழுந்த வேகத்தில் சரிந்துவிடும். நான்காவது, ஏற்கெனவே ஏதோ ஒரு சுழற்சி இருக்க வேண்டும். ஒன்றுமில்லாத தெளிந்த கடலில் புயல் தானாக முளைப்பதில்லை. ஐந்தாவது, நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து டிகிரியாவது விலகி இருக்க வேண்டும். இல்லையேல் பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிச் சுழல வைக்காது.

இன்றைய சூழ்நிலையைவிட, அந்த அமைப்பு மூன்று நாள் கழித்துப் போய்ச் சேரும் இடத்தின் சூழ்நிலை முக்கியம். 2017இல் ஹார்வி இதற்குக் கண்கண்ட சாட்சி. ஆகஸ்ட் 17 அன்று சிறிய அண்டிலீஸ் தீவுகளுக்குக் கிழக்கே பெயர் பெற்றது. கரீபியனுக்குள் நுழைந்ததும் மேல்காற்றில் சிக்கி, ஆகஸ்ட் 19 அன்று மறுபடி வெறும் அலையாகிவிட்டது. கதை முடிந்தது என்று பலர் கண்ணை எடுத்தார்கள். அந்த மிச்சம் யுகடான் தீபகற்பத்தைக் கடந்து கம்பேச்சே விரிகுடாவின் வெந்நீருக்கு வந்தது. அங்கே மேல்காற்று தளர்ந்திருந்தது. 23ஆம் தேதி மீண்டும் தாழ்வு மண்டலம், 24ஆம் தேதி ஹரிகேன், 25ஆம் தேதி இரவு மணிக்கு 130 மைல் வேகக் காற்றுடன் டெக்சாஸின் ராக்போர்ட் அருகே நான்காம் வகையாகக் கரை கடந்தது. அதன்பின் நகராமல் நின்று, நெடர்லாண்டில் 60.58 அங்குல மழையைப் பதிவு செய்தது. கலைந்துபோன அலையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாமல், அது நிலத்தில் முழுவதும் அடங்கும் வரை பின்தொடருங்கள்.

படி 5: செயற்கைக்கோள் படத்தை விடியற்காலையில் பாருங்கள்

அமெரிக்காவின் கோஸ் கிழக்குச் செயற்கைக்கோள் அட்லாண்டிக்கையும் சேர்த்து பூமியின் ஒரு முழு முகத்தையும் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. இப்படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் தனிப்படத்தால் பயனில்லை, ஓடும் தொகுப்பாகப் பார்க்க வேண்டும்.

அகச்சிவப்புப் படத்தில் குளிர்ந்த மேகத்தின் உச்சி சிவப்பாகவும் கறுப்பாகவும் பளிச்சென்று தெரியும். இரவில் அதைப் பார்த்தால் எந்த அமைப்பும் அசுரனாகத் தோன்றும். கடல் மேல் இடிமேகங்கள் பின்னிரவில் பெருகி, பகலில் தணிவது இயல்பு. எனவே இரவு இரண்டு மணிக்குச் சிவந்து கிடக்கும் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே மேகத்திரள் அடுத்த நாள் பிற்பகலிலும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு பகல் தாக்குப்பிடித்த மேகத்திரளை நான் நம்புவேன்.

உண்மையில் தேட வேண்டியது மேகத்தின் வண்ணத்தை அல்ல, அதன் அடியில் மூடிய சுழற்சி இருக்கிறதா என்பதை. அதைக் காண நல்ல நேரம் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரம். கண்ணுக்குப் புலப்படும் ஒளிப்படத்தில் அப்போது சாய்ந்த வெயில் மேகங்களின் விளிம்புகளை நிழலோடு காட்டும். பெரிய வெண்மேகத்தை விட்டுவிடுங்கள். அதன் தெற்கு ஓரத்தில், உப்புக்கல் சிதறியதுபோல் கிடக்கும் தாழ்வான சின்ன மேகங்களைக் கவனியுங்கள். மேற்கே நகரும் ஓர் அலையில் எல்லாப் பக்கமும் காற்று கிழக்கிலிருந்துதான் வீசும். எனவே அந்தச் சின்ன மேகங்களும் மேற்கு நோக்கியே ஊரும். அவை நின்று, திரும்பி, கிழக்கு நோக்கி ஊரத் தொடங்கினால், தெற்குப் பக்கத்தில் மேற்குக் காற்று பிறந்துவிட்டது. வட்டம் மூடிவிட்டது. வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும் ஒரு மையம் அங்கே உருவாகியிருக்கிறது. தாழ்வு மண்டலம் என்று அறிவிக்க ஹரிகேன் மையத்தார் முதலில் தேடுவதும் இதையே. பக்கத்தில் வானிலையை அளக்கும் கடல் மிதவை இருந்தால், தேசிய தரவு மிதவை மையத்தின் பக்கத்தில் அதன் காற்றுத்திசையையும் அழுத்தத்தையும் ஒத்துப்பார்க்கலாம்.

நேர்மாறான காட்சிகளையும் பழகிக்கொள்ளுங்கள். சுழற்சி ஓரிடத்தில் அம்மணமாகத் தெரிய, இடிமேகங்கள் எல்லாம் அதற்குக் கிழக்கே ஒதுங்கிக் கிடந்தால், மேல்காற்று அதைச் சிதைக்கிறது. மேகத்திரளிலிருந்து வில்போன்ற மெல்லிய கோடுகள் வெளியே ஓடினால், வறண்ட காற்று உள்ளே புகுந்து மேகங்களைச் சரித்துக்கொண்டிருக்கிறது.

படி 6: கணினி மாதிரிகளைக் கையாளும் முறை

அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறை ஓடுகிறது. ஐரோப்பிய மையத்தின் மாதிரியும் பிரிட்டன் மாதிரியும் அடுத்து அதிகம் பார்க்கப்படுபவை. 2023 முதல் ஹாஃப்ஸ் என்ற ஹரிகேன்களுக்கான தனி மாதிரியும் நடைமுறையில் உள்ளது. இவை ஒருங்கிணைந்த உலக நேரப்படி ஓடுகின்றன. கிழக்கு அமெரிக்கக் கோடை நேரம் அதிலிருந்து நான்கு மணி பின்தங்கியது.

எனக்குள்ள கறாரான விதி இது: ஏழு நாளுக்கு அப்பால் ஒரு மாதிரி காட்டும் புயலின் இடத்தையும் வலிமையையும் பொருட்படுத்தக் கூடாது. பதினைந்தாம் நாளில் ஹூஸ்டன் மேல் ஒரு கறுத்த சுழல் தெரிகிறது என்று யாரேனும் படம் அனுப்பினால், ஆறு மணி நேரம் கழித்து வரும் அடுத்த ஓட்டத்தில் அது காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். குறிப்பாக மேற்குக் கரீபியனில் இல்லாத புயலைப் பெற்றெடுக்கும் பழக்கம் ஜி.எஃப்.எஸ்ஸுக்கு உண்டு, பருவத் தொடக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். அந்தப் படத்தை மற்றவர்களுக்கு அனுப்பாமல் இருப்பதே நீங்கள் செய்யக்கூடிய நல்ல காரியம். ஊரிலிருக்கும் பெற்றோர் வரை போய்ச் சேர்ந்து, நள்ளிரவில் அழைப்பு வருவது அதனால்தான்.

பார்க்க வேண்டியது தொடர்ச்சியும் ஒற்றுமையும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாதிரிகள், அடுத்தடுத்த பல ஓட்டங்களில், ஏறத்தாழ அதே பகுதியில் அதே நாளில் தாழ்வழுத்தத்தைக் காட்டுகின்றனவா? அந்த நாள் ஒவ்வோர் ஓட்டத்திலும் நெருங்கி வருகிறதா, அல்லது தள்ளிக்கொண்டே போகிறதா? எப்போதும் பத்து நாளுக்கு அப்பாலேயே நிற்கும் புயல் பெரும்பாலும் பிறப்பதில்லை.

ஒற்றை ஓட்டத்தைவிடக் குழுக் கணிப்பு நம்பகமானது. தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டுவார்கள். ஐரோப்பியக் குழுவில் 51 ஓட்டங்கள், அமெரிக்கக் குழுவில் 31. ஐம்பதில் நாற்பது ஓட்டங்கள் புயலைக் காட்டினால் அது ஒரு பேச்சு, ஐந்து மட்டும் காட்டினால் வேறு பேச்சு. நூடுல்ஸ் போல் சிக்கிக் கிடக்கும் பாதைக் கோடுகளைப் பார்க்கும்போதும் எச்சரிக்கை தேவை. அவற்றில் எக்ஸ்.டி.ஆர்.பி. என்று குறித்த கோடு ஒரு கணிப்பே அல்ல. இப்போது நகரும் திசையை அப்படியே நேர்கோடாக நீட்டியது. அது உங்கள் வீட்டின் மேல் போவதைக் கண்டு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

மையம் உருவாகும் முன் வரும் எந்தப் பாதைக் கணிப்பும் தடுமாறும். எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாமல் எங்கே போகும் என்று சொல்வது கடினம். சுழற்சி நூறு மைல் வடக்கே அமைந்தாலோ தெற்கே அமைந்தாலோ போய்ச் சேரும் கரையே மாறிவிடும்.

படி 7: விமானம் கிளம்பிய பிறகு

நிலத்துக்கு அருகே ஓர் அமைப்பு வளரும்போது விமானம் அனுப்புவார்கள். மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்திலிருந்து இயங்கும் விமானப்படையின் 53ஆவது வானிலை உளவுப் பிரிவும், ஃபுளோரிடாவின் லேக்லாண்டிலிருந்து இயங்கும், அமெரிக்கப் பெருங்கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் விமானங்களும் புயலுக்குள் நேரே பறந்து, சிறு உணர்கருவிகளைக் கீழே போட்டு, அழுத்தத்தையும் காற்றையும் அளக்கின்றன. மையத்தின் அழுத்தம் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போனால் அமைப்பு வலுக்கிறது.

காற்றின் வேகம் மணிக்கு 38 மைல் வரை தாழ்வு மண்டலம். 39 ஆனதும் வெப்பமண்டலப் புயல் என்று பெயர் கிடைக்கும். 74 ஆனால் ஹரிகேன், 111 ஆனால் பெரும் ஹரிகேன், 157 ஆனால் ஐந்தாம் வகை. இந்த வகைகள் காற்றை மட்டுமே அளப்பவை. மழைக்கும், புயல் கரைக்குத் தள்ளிவரும் கடல் ஏற்றத்துக்கும் அவற்றில் இடமில்லை. 2019இல் இமெல்டா ஹரிகேன் ஆகவே இல்லை, கரையை ஒட்டி உருவாகி அன்றே நிலத்தில் ஏறியது. தென்கிழக்கு டெக்சாஸில் 40 அங்குலத்துக்கு மேல் மழை பொழிந்தது. 2007இல் ஹம்பர்ட்டோ காலையில் தாழ்வு மண்டலமாக அறிவிக்கப்பட்டு, மறுநாள் விடியும் முன்பே ஹரிகேனாக டெக்சாஸ் கரையைத் தொட்டது. இரண்டுமே பெயரும் வகையும் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு நேரம் தராத புயல்கள்.

இதைச் சமாளிக்கவே 2017 முதல் இன்னும் உருவாகாத அமைப்புக்கும், அது விரைவில் நிலத்தைத் தாக்கும் என்று தோன்றினால், முழு அறிவிக்கை வெளியிடும் முறை வந்தது. தொடக்கத்தில் சொன்ன எட்டாம் எண் அந்த வகைதான். ‘உருவாகக்கூடிய வெப்பமண்டலப் புயல்’ என்ற தலைப்பில் அறிவிக்கை வந்தால் பெயர் பெற்ற புயலுக்குத் தரும் மரியாதையை அதற்கும் தாருங்கள்.

அறிவிக்கைகள் காலை 5, பகல் 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். கரைக்கு எச்சரிக்கை இருக்கும்போது இடையிலும் வரும். அதோடு வரும் கூம்பு வடிவ வரைபடத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். புயலின் மையம் போகக்கூடிய இடத்தை மட்டும் அது காட்டுகிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி வரையப்படுகிறது. அதாவது மூன்றில் ஒரு முறை மையமே கூம்புக்கு வெளியே போகலாம். புயலின் அகலத்தையோ, மழை எங்கே விழும் என்பதையோ அது காட்டுவதில்லை. ஐந்தாம் நாளின் சராசரிப் பிழை 150 முதல் 200 மைல் வரை இருக்கும். 2022இல் இயன் வந்தபோது பலர் டாம்பாவை நோக்கிய நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புயல் தெற்கே லீ கவுன்டியில் ஏறியது. லீ கவுன்டியும் கூம்புக்குள்தான் இருந்தது.

கூம்பைவிட உங்களுக்கு உதவுவது இரண்டு. ஒன்று, கணிப்பாளர் எழுதும் விவாதக் குறிப்பு. அவருக்கு எதில் உறுதி, எதில் ஐயம் என்று அதில் வெளிப்படையாக இருக்கும். இன்னொன்று, புயல்வேகக் காற்று உங்கள் ஊரை எப்போது எட்டும் என்று காட்டும் வரைபடம். வெளிவேலைகளும் பயணமும் அந்த நேரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். புயல் கரை கடக்கும் நேரம் உங்களுக்கான காலக்கெடு அல்ல, காற்று வந்து சேரும் நேரமே காலக்கெடு.

படி 8: பார்ப்பதைச் செயலோடு கட்டுங்கள்

எந்த அறிகுறிக்கு எந்த வேலை என்று முன்பே முடிவு செய்து வையுங்கள். உங்கள் கரையை நோக்கி மஞ்சள் வந்தால் முன்னோட்டத்தை நாளுக்கு ஒருமுறைக்குப் பதில் இருமுறை பாருங்கள். ஆரஞ்சானால் காரில் எரிபொருள் நிரப்பி, மருந்துகளை எண்ணுங்கள். சிவப்பானால் தண்ணீர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் என்பது பொதுவான கணக்கு. அந்த நேரத்தில் கடைகளில் கூட்டம் இருக்கும், ஆனால் பொருள் இன்னும் இருக்கும்.

புயல்வேகக் காற்றுக்கு 48 மணி முன்பு கண்காணிப்பு அறிவிப்பும் (வாட்ச்), 36 மணி முன்பு எச்சரிக்கையும் (வார்னிங்) வரும். வெளியேறும் மண்டலத்தில் இருப்பவர்கள் கண்காணிப்பு அறிவிப்பிலேயே பெட்டியை எடுத்து வைக்க வேண்டும். கடல்நீர் ஏற்றத்துக்கென்று 2017 முதல் தனி எச்சரிக்கை உண்டு. அது உங்கள் பகுதிக்கு வந்தால் காற்றின் வகை என்னவென்று பார்க்காமல் கிளம்புங்கள்.

நம் வீடுகளுக்கென்று சில தனிக் கவனங்கள் உண்டு. கடவுச்சீட்டு, விசா ஒப்புதல் தாள்கள், கிரீன் கார்டு, ஓ.சி.ஐ. அட்டை, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை நீர்புகாத உறையில் ஒரே இடத்தில் வையுங்கள். நனைந்துபோன தாளை மறுபடி வாங்க மாதக் கணக்கில் ஆகும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவின் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகள் இங்கே சட்டென்று கிடைக்காது. இன்சுலின் இருந்தால் மின்சாரம் போன பிறகு அதைக் குளிர்ச்சியாக வைக்க வழி தேவை. 2024 ஜூலையில் பெரில் முதல் வகையாகத்தான் டெக்சாஸில் ஏறியது. ஹூஸ்டன் பகுதியில் இருபது இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தார்கள், பலருக்குப் பல நாள் திரும்பவில்லை. வயதானவர்களுக்கு இங்குள்ள எச்சரிக்கைச் சொற்கள் பழக்கமில்லை. என்ன ஒலித்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்து, குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டி வையுங்கள்.

படி 9: கரை கடந்த பின்னும் மழை வரைபடத்தை மூடாதீர்கள்

அட்லாண்டா, சார்லட், ஆஷ்வில் என்று உள்நாட்டில் இருப்பவர்கள் புயல் கடலோரத்தார் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் ஃபுளோரிடாவின் பெரி அருகே மணிக்கு 140 மைல் காற்றுடன் ஏறியது. அடுத்த நாள் மேற்கு வட கரோலினாவின் மலைகளில் ஆறுகள் ஊர்களை அடித்துக்கொண்டு போயின. புயல் வருவதற்கு முன்பே அங்கே மழை தொடங்கி மண் ஊறிப்போயிருந்தது. சில இடங்களில் மூன்று நாளில் 20 அங்குலத்தைத் தாண்டியது. அமெரிக்காவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த அபாயத்தைக் காட்டும் வரைபடம் ஹரிகேன் மையத்தின் கூம்பு அல்ல. வானிலைக் கணிப்பு மையம் வெளியிடும் மிகைமழை முன்னோட்டம் அது. ஐந்து நாள் வரை முன்கூட்டியே, நான்கு நிலைகளில் வெள்ள அபாயத்தைக் காட்டுகிறது. அதன் உச்ச நிலை அரிதாகவே அறிவிக்கப்படும். உங்கள் கவுன்டி அதற்குள் வந்தால், புயல் மையம் முந்நூறு மைல் தள்ளி இருந்தாலும் ஓடைக் கரையிலும் மலைச்சரிவிலும் இரவு தங்காதீர்கள். கைப்பேசியின் அவசர எச்சரிக்கை ஒலியை அணைத்து வைத்திருந்தால் அன்று மட்டுமாவது இயக்குங்கள். கோபுரங்கள் சாய்ந்தால் கைப்பேசியும் ஊமையாகிவிடும். அப்போது பேசுவது, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் நோவா வானிலை வானொலி. பேட்டரியில் ஓடும் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கட்டும். உங்கள் கவுன்டிக்குரிய அலைவரிசையை மே மாதத்திலேயே கண்டுபிடித்து அதில் நிறுத்தி வையுங்கள்.